காணா உயிர்கள் காக்கும் உலகு

நுழையும்முன்

ஓர் ஊரைவிட்டு வேறோர் ஊருக்குக் குடிபெயரும் குடும்பம் பாத்திரங்களையும் துணிமணிகளையும் புத்தகங்களையும் மூட்டை கட்டி எடுத்துச் செல்கிறது. மூட்டைகளில் அடங்காத சில உயிர்களும் அக்குடும்பத்தோடு பயணம் செய்கின்றன. அவை தோலிலும் வாயிலும் குடலிலும் வாழ்கின்றன. உளுந்திலும் உறைமோரிலும் ஒட்டியிருக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அவ்வுயிர்கள் உணவிலும் மண்ணிலும் நீரிலும் மனித உடலிலும் ஆற்றும் பணிகளையும், அவற்றுக்கு இன்று நேர்ந்துள்ள இடரையும் இப்பாடம் விளக்குகிறது.

மாவு பொங்காத காலை

தில்லியில் மார்கழி, தை மாதங்களில் குளிர் கடுமையாக இருக்கும். இரவு வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கும் நாள்கள் உண்டு. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அக்காலத்தில் இட்லி மாவு ஒரு கவலை. மாலையில் அரைத்து வைத்த மாவு, மறுநாள் காலையிலும் அரைத்தபடியே கிடக்கும். அதில் புளிப்பு மணம் எழுந்திராது; நுரையும் தோன்றியிராது. அம்மாவை வார்த்தால் இட்லி கல்லைப்போலக் கனக்கும். இதற்காகப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைப்போர் உண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைப்போர் உண்டு. மின்சார ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, அதனுள் வைப்போரும் உண்டு.

அரிசியும் அதுவே, உளுந்தும் அதுவே, கைப்பக்குவமும் அதுவே. சென்னையில் ஓர் இரவில் பொங்கி வழியும் மாவு, தில்லியில் ஏன் உறங்கிக் கிடக்கிறது?

மாவைப் பொங்கச் செய்பவை பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களே. இவற்றை யாரும் கடையில் வாங்கி மாவில் சேர்ப்பதில்லை. உளுந்தின்மேலும் அரிசியின்மேலும் இவை இயல்பாகவே ஒட்டியிருக்கின்றன. இவற்றுள் முதன்மையானது லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்பதாகும். இந்நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு, லாக்டிக் அமிலத்தையும் கார்பன்-டை-ஆக்சைடு வாயுவையும் வெளியிடுகின்றன. அமிலம் மாவுக்குப் புளிப்பைத் தருகிறது. உளுந்தின் வழவழப்பான பசை, வாயுவை வெளியேறவிடாமல் சின்னஞ்சிறு குமிழ்களாகப் பிடித்து வைக்கிறது. இட்லித் தட்டில் ஆவி படும்போது அக்குமிழ்கள் விரிகின்றன. இட்லியின் மென்மை இவ்வாறு பிறக்கிறது. இம்மாற்றத்தை நொதித்தல் என்பர்.

இந்நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்கு பெருகுகின்றன. குளிரில் அவை இறந்துவிடுவதில்லை. அவற்றின் இயக்கம் மிகவும் தளர்கிறது. கம்பளி சுற்றிய பாத்திரத்துக்குள் அவை மீண்டும் சுறுசுறுப்படைகின்றன. எனவே, தில்லிக் குளிரில் மாவுப் பாத்திரத்துக்குப் போர்வை போர்த்தும் தாய், உண்மையில் கோடிக்கணக்கான உயிர்களுக்கே போர்வை போர்த்துகிறார்.

பாரதத்தின் புளித்த உணவுகள்

நுண்ணுயிர்களைத் துணையாகக் கொண்டு உணவு ஆக்கும் அறிவு தமிழருக்கு மட்டும் உரியதன்று. குஜராத்தியர் டோக்ளாவுக்கு மாவைப் புளிக்க வைக்கின்றனர். வங்காளத்தார் இனிப்புத் தயிரை மண்சட்டியில் உறைய வைக்கின்றனர். வடஇந்தியாவில் கருநிறக் கேரட்டையும் கடுகுத்தூளையும் நீரிலிட்டு வெயிலில் வைத்துக் காஞ்சி என்னும் பானத்தைச் செய்கின்றனர். சிக்கிம் மலைகளில் கீரைகளைப் புளிக்க வைத்து உலர்த்திக் குந்த்ருக் செய்கின்றனர். நாகாலாந்து மக்கள் சோயா மொச்சையை நொதிக்க வைத்து அகுனி செய்கின்றனர்.

சோற்றில் நீரூற்றி இரவு முழுதும் வைத்து, மறுநாள் உண்ணும் வழக்கம் பல மாநிலங்களில் காணப்படுகிறது. தமிழில் அதற்குப் பழைய சோறு என்று பெயர்; ஒடிசாவில் அது பகாள; அசாமில் பொய்தா பாத். மொழிகள் வேறு, பாத்திரத்துக்குள் நிகழும் வேலை ஒன்றே.

இம்முறையால் விளையும் பயன்கள் பல. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம், உணவைக் கெடுக்கும் பிற கிருமிகளை அண்டவிடுவதில்லை. கடினமான பொருள்கள் சிதைவதால் உணவு எளிதில் செரிக்கிறது. பி வகை வைட்டமின்கள் சில மிகுகின்றன. தானியத்திலுள்ள இரும்புச்சத்தையும் துத்தநாகத்தையும் உடல் ஏற்காதபடி தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மக்கள் தம் பட்டறிவால் கண்ட வழி இது.

தனி உயிரிலிருந்து குடியிருப்புக்கு

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஆன்டனி வான் லீவன்ஹூக் ஒரு துணி வணிகர். அவர் தம் கையாலேயே சிறிய கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, நுண்ணோக்கிகளைச் செய்தார். குளத்துநீரை அவற்றின்வழி நோக்கியபோது நுண்ணிய உயிர்கள் நீந்துவதைக் கண்டார். 1683ஆம் ஆண்டு தம் பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்மையான பொருளைச் சுரண்டி ஆராய்ந்தார். அதிலும் உயிர்கள் நெளிந்தன. தம் நாட்டு மக்கள் அனைவரையும்விடத் தம் வாயில் வாழும் உயிர்களின் எண்ணிக்கை மிகுதி என்று அவர் வியந்து எழுதினார்.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், நொதித்தலுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் நிறுவினார். காசநோயை உண்டாக்கும் கிருமியை 1882இல் ராபர்ட் காக் கண்டறிந்தார். அதன்பின் நுண்ணுயிர் என்றாலே நோய் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. தூய்மையும் தடுப்பூசியும் மருந்தும் கோடிக்கணக்கானோரின் உயிரைக் காத்தன. ஆயினும் நோய் தரும் நுண்ணுயிர்கள் மிகச் சிலவே. பெரும்பாலானவை தீங்கற்றவை, பல இன்றியமையாதவை.

ஓரிடத்தில் கூடி வாழும் பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் முதலிய அனைத்தையும் சேர்த்து நுண்ணுயிர்த்தொகுதி என்பர். மைக்ரோபயோம் என்னும் சொல்லும் வழக்கில் உள்ளது. ஓர் ஊரில் உழவர், நெசவாளர், தச்சர், வணிகர் எனப் பலர் கூடி வாழ்வதுபோல, இத்தொகுதியில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு தொழில் உண்டு. ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகிறது. அவற்றுள் பலவற்றை ஆய்வகத்தில் தனித்து வளர்க்க இயலாது. அவற்றின் மரபுப்பொருளை நேரடியாகப் படிக்கும் கருவிகள் வந்தபிறகே இவ்வுலகம் அறிவியலுக்கு விரிவாகப் புலப்படத் தொடங்கியது.

மண்ணின் மணம்

கோடை முடிந்து முதல் மழை பெய்யும்போது மண்ணிலிருந்து எழும் மணத்தை விரும்பாதவர் இல்லை. அம்மணத்துக்குப் பெருங்காரணம் ஜியோஸ்மின் என்னும் வேதிப்பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகரில் அத்தர் செய்வோர், சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து அம்மணத்தைச் சந்தன எண்ணெயில் பிடித்து வைக்கும் கலையைப் பல தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர்.

வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி அளவை எடுத்தால், அதில் 100 கோடி பாக்டீரியாக்கள்வரை இருக்கக்கூடும். உதிர்ந்த இலையையும் இறந்த உயிரையும் சிதைத்து மீண்டும் பயிருக்கு உணவாக்குபவை இவையே. இவை இல்லையெனில், உதிர்ந்த இலைகள் மட்காமல் குவிந்து கிடக்கும். அவற்றிலுள்ள சத்தும் மண்ணுக்குத் திரும்பாது.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. பயிருக்கு நைட்ரஜன் மிகத் தேவை. எனினும், காற்றிலிருந்து நேராக அதை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் பயிருக்கு இல்லை. உளுந்து, பயறு, கடலை, துவரை முதலிய செடிகளின் வேர்களைப் பிடுங்கிப் பார்த்தால், சிறுசிறு முடிச்சுகள் தெரியும். ரைசோபியம் என்னும் பாக்டீரியா அம்முடிச்சுகளில் குடியிருக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. 1880களில் ஜெர்மனி நாட்டு அறிஞர்கள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இவ்வுண்மையை வெளிப்படுத்தினர்.

காவிரிப் படுகை உழவர்கள் நெல் அறுவடைக்குச் சில நாள்களுக்கு முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பயறையும் தூவுவர். நெல்லுக்குப் பின் வளரும் அச்செடிகள் வயலின் வளத்தைக் கூட்டுகின்றன. ஆக, உளுந்து இருமுறை உதவுகிறது. வயலில் அதன் வேரில் வாழும் நுண்ணுயிர் நிலத்தை வளப்படுத்துகிறது. சமையலறையில் அதன் விதையில் ஒட்டிய நுண்ணுயிர் மாவைப் பொங்கச் செய்கிறது.

பூஞ்சைகளும் பயிருக்கு உதவுகின்றன. மைக்கோரைசா எனப்படும் வேர்ப்பூஞ்சைகள் நூலினும் மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நெடுந்தொலைவு பரப்புகின்றன. வேர் எட்டாத இடங்களிலிருந்து பாஸ்பரசையும் நீரையும் கொண்டுவந்து செடிக்குக் கொடுக்கின்றன. நிலத்தில் வாழும் செடியினங்களுள் பெரும்பாலானவை இத்தகைய பூஞ்சைகளோடு கூட்டு வைத்துள்ளன.

தீயிடும் வயல்கள்

ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தில்லியின் வானம் புகையால் மங்குகிறது. வண்டிகளின் புகையும் கட்டடத் தூசியும் ஆலைகளும் அதற்குக் காரணங்கள். பஞ்சாப், அரியானா வயல்களில் நெல்தாளுக்கு இடும் தீயும் ஒரு காரணமாகும். பள்ளிகளை மூடும் அளவுக்குக் காற்று கெடும் நாள்களும் உண்டு.

உழவர் அத்தீயை விரும்பி இடுவதில்லை. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாப் அரசு 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நெல் நடவு சூன் மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுத்த வயலில் ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குள் கோதுமை விதைக்க வேண்டும். அறுவடை எந்திரமோ நெடிய தாள்களை வயலிலேயே விட்டுச் செல்கிறது. அவற்றை அகற்ற ஆள்கூலியும் நேரமும் இல்லாத உழவருக்குத் தீக்குச்சியே எளிய வழியாகிறது.

அத்தீ காற்றை மட்டும் கெடுப்பதில்லை. மேல்மண் சூடேறுவதால் அதில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பெருமளவில் அழிகின்றன. தாளில் இருந்த நைட்ரஜனும் கந்தகமும் புகையோடு போகின்றன. இழந்த சத்தை உழவர் உரமாக விலைக்கு வாங்க நேர்கிறது.

இதற்கு நுண்ணுயிர்களிடமே ஒரு விடை உள்ளது. தில்லி பூசாவில் அமைந்துள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், தாளை மட்கச் செய்யும் பூஞ்சைகளைத் தேர்ந்தெடுத்துக் குளிகைகளில் அடைத்துத் தருகிறது. வெல்லம் கரைத்துக் காய்ச்சிய நீரில் கடலைமாவைக் கலந்து, அதில் இக்குளிகைகளை இட்டால் பூஞ்சைகள் பெருகும். அக்கரைசலை வயலில் தெளித்து உழுதால், ஏறத்தாழ 20 முதல் 25 நாள்களில் தாள் மென்மையாகி மண்ணோடு கலக்கத் தொடங்குகிறது. கோதுமை விதைக்கக் காத்திருக்கும் உழவருக்கு அந்நாள்களும் நீண்டவையே. எனவே, தாளை அகற்றாமலேயே விதைக்கும் எந்திரங்களும், குறுகிய காலத்தில் விளையும் நெல்வகைகளும் உடன் தேவைப்படுகின்றன. தீயைவிட மெதுவாக வேலை செய்தாலும், பூஞ்சை மண்ணுக்கு உணவளித்துச் செல்கிறது.

நீரிலும் காற்றிலும்

ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் வெளியிட்ட ஆக்சிஜன் பூமியின் காற்றில் சேரத் தொடங்கியது. இன்றும் உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களால் நிகழ்கிறது.

நகரங்களின் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களிலும் இவையே பணியாற்றுகின்றன. பெரிய தொட்டியில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு பெருகுகின்றன. பின்னர் அவை சேறாக அடியில் படிய, தெளிந்த நீர் மேலே நிற்கிறது. 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இம்முறை விளக்கப்பட்டது. காற்றுப் புகாத கலனில் சாணத்தை இட்டால், வேறு வகை நுண்ணுயிர்கள் அதை மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. சிற்றூர்களின் சாண எரிவாயு அடுப்பு அதனால் எரிகிறது.

உடலுக்குள் ஓர் ஊர்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி மனித உயிரணுக்கள் உள்ளன. அவ்வுடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 இலட்சம் கோடி. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின் கணக்கு இது. அவை அனைத்தையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் அளவே இருக்கும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

குழந்தை பிறக்கும்போது தாயிடமிருந்து முதல் நுண்ணுயிர்களைப் பெறுகிறது. தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரைப் பொருள்கள் நிறைய உள்ளன. குழந்தையால் அவற்றைச் செரிக்க இயலாது. செரிக்க இயலாத பொருள் பாலில் எதற்கு என்னும் வினாவுக்கு விடை வியப்பளிப்பது. அது குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களுக்கான உணவு. தாய் தன் குழந்தையோடு அதன் நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே பாலூட்டுகிறாள்.

வளர்ந்தபின்னும் இவ்வுறவு தொடர்கிறது. கீரை, காய், பருப்பு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளை மனிதக் குடல் செரிப்பதில்லை. குடல் நுண்ணுயிர்கள் அதை உண்டு, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களுக்கு அதுவே முதன்மை உணவாகும். வைட்டமின் கே, பி வகை வைட்டமின்கள் சிலவற்றையும் இந்நுண்ணுயிர்கள் ஆக்குகின்றன. நோய்க்கிருமி குடியேற இடமின்றி இடத்தை நிரப்பி நிற்கின்றன. எது பகை, எது நட்பு என்று அறிய உடலின் நோய்த்தடுப்பு ஆற்றலைப் பழக்குகின்றன.

குடிபெயர்தலும் இத்தொகுதியை மாற்றுகிறது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குடியேறிய ஹ்மோங், கரென் மக்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. குடியேறிய சில மாதங்களிலேயே அவர்களது குடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மாறத் தொடங்கியிருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல நுண்ணுயிர் வகைகள் குறைந்தன. புதிய நாட்டில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் அவை மேலும் குறைவாக இருந்தன. உணவு மாற்றம் இதற்கு ஒரு காரணம். ஆயினும் முழுக் காரணம் அதுவன்று என்று ஆய்வாளர் கருதினர். வீட்டில் பேசாவிட்டால் ஒரு மொழி அடுத்த தலைமுறையில் தேய்வதுபோல, ஊட்டாவிட்டால் நுண்ணுயிர்ச் செல்வமும் தேய்கிறது.

மண் தந்த மருந்தும் மனிதர் செய்த பிழையும்

மண்ணில் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று தடுக்கப் பல வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றிலிருந்தே நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பல கிடைத்தன. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு பூஞ்சையிலிருந்து பென்சிலினைக் கண்டார். 1943இல் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண் பாக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோயை வென்ற முதல் நுண்ணுயிர்க்கொல்லி அதுவே.

இவ்வரலாற்றில் ஓர் இந்தியரின் பெயரும் உண்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார். அங்கு அவர் தலைமையின்கீழ் பணியாற்றிய பெஞ்சமின் டக்கர், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டறிந்தார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் முதலாவது அது.

இம்மருந்துகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. ஆனால், அவற்றின் எளிமையே இடராயிற்று. சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரசால் வருவன. நுண்ணுயிர்க்கொல்லி வைரசைத் தொடுவதில்லை. அது தெரியாமல் மருந்துக் கடையில் தாமே வாங்கி உண்போர் பலர். மருந்து குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கிறது. சிலருக்கு மருந்து உண்டபின் வயிற்றுப்போக்கு ஏற்படுவது இதனாலேயே. மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமிகள் பெருகுகின்றன; தப்பிக்கும் திறனைப் பிற பாக்டீரியாக்களுக்கும் மரபுப்பொருள் வழியே கைம்மாற்றுகின்றன. பின்னர், உண்மையில் தேவைப்படும் நாளில் அம்மருந்து பயனற்றுப் போகிறது. நோபல் பரிசு பெற்ற 1945ஆம் ஆண்டிலேயே ஃபிளெமிங் இவ்விடரைப் பற்றி எச்சரித்தார்.

இந்தியாவிலும் இதற்கான முயற்சிகள் நிகழ்கின்றன. மருத்துவ அமைப்புகள் பல கூடி 2012இல் சென்னை அறிக்கையை உருவாக்கின. மருத்துவர் சீட்டின்றி உண்ணக்கூடாத மருந்துகளை மக்கள் அறிவதற்காக, மாத்திரை அட்டையிலுள்ள செங்கோட்டின் பொருளை விளக்கும் இயக்கத்தை நடுவண் அரசு 2016இல் தொடங்கியது. கடைசி மருந்தாகப் பயன்படும் கொலிஸ்டினைக் கோழி முதலிய உணவு விலங்குகளுக்குக் கொடுப்பது 2019இல் தடை செய்யப்பட்டது.

ஒரே சங்கிலி

மண்ணும் உணவும் உடலும் வெவ்வேறு பாடங்களாகத் தோன்றினாலும், நுண்ணுயிர்கள் அவற்றை ஒரே சங்கிலியாகப் பிணைக்கின்றன. மண்ணில் வாழ்பவை உளுந்தை வளர்க்கின்றன. உளுந்தில் ஒட்டியவை மாவைப் புளிக்கச் செய்கின்றன. உண்ட உணவின் நாரைக் குடலில் வாழ்பவை உண்கின்றன. உடல் கழித்ததை நீரில் வாழ்பவை தூய்மை செய்கின்றன. மட்கியது மீண்டும் மண்ணைச் சேர்கிறது. சங்கிலியின் ஒரு கண்ணியில் தீயிட்டாலோ தேவையற்ற மருந்தை ஊற்றினாலோ மற்றக் கண்ணிகளும் நலியும்.

திருவள்ளுவர், முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவர் உடலுக்கு மருந்தே வேண்டியதில்லை என்னும் கருத்தை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் கூறுகிறார். செரிமானத்தில் நுண்ணுயிர்களின் பங்கை அறிந்த இக்காலத்துக்கும் அவ்வறிவுரை பொருந்துகிறது.

இக்காவலுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. காய்கறித் தோலைக் குப்பைக்கு அனுப்பாமல் தொட்டிச்செடிக்கு உரமாக்கலாம். தட்டில் கீரையையும் பருப்பையும் ஒதுக்காமல் உண்ணலாம். உணவுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவலாம். நல்ல உயிர்களைப் போற்றுவது தூய்மையைக் கைவிடுவதாகாது. செங்கோடிட்ட மருந்தை மருத்துவர் சொல்லாமல் உண்ணாதிருக்கலாம்; சொன்னால் சொன்னபடி உண்ணலாம். தில்லிக் குளிரில் இட்லிமாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றும் அன்னைக்கு உதவலாம். காலையில் மூடியைத் திறக்கும்போது மாவு பொங்கியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத விருந்தினர் இரவெல்லாம் உழைத்திருக்கின்றனர் என்று அறியலாம்.

சொற்பொருள்

இடர் – துன்பம்
உறைமோர் – பாலைத் தயிராக்க இடும் மோர்
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
நொதித்தல் – நுண்ணுயிர்களால் பொருள் புளித்து மாறுதல்
தாள் – அறுத்தபின் வயலில் நிற்கும் பயிரின் அடிப்பகுதி
மட்குதல் – அழுகி மண்ணோடு கலத்தல்
கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம்
கைம்மாற்றுதல் – ஒருவரிடமிருந்து மற்றவரிடம் சேர்த்தல்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மழைமண்ணின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள் __________.
2. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா __________.
3. காசநோயை வென்ற முதல் நுண்ணுயிர்க்கொல்லி __________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காததற்குக் காரணம் யாது?
2. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க இயலாத சர்க்கரைப் பொருள்கள் ஏன் உள்ளன?
3. மாத்திரை அட்டையிலுள்ள செங்கோடு எதைக் குறிக்கிறது?

இ. சுருக்கமாக விடை எழுதுக.
1. ‘உளுந்து இருமுறை உதவுகிறது’ – விளக்குக.
2. நெல்தாளை எரிப்பதற்கு உழவர் தள்ளப்படுவது ஏன்? அதனால் மண்ணுக்கு விளையும் கேடு யாது?

ஈ. பிரித்து எழுதுக.
வேறோர், கண்ணுக்குப் புலப்படாத, செங்கோடு, அம்மணம்

உ. செய்து பார்க்க.
உன் வீட்டில் செய்யப்படும் புளித்த உணவு ஒன்றையும், பிற மாநிலத்தைச் சேர்ந்த உன் நண்பர் வீட்டில் செய்யப்படும் புளித்த உணவு ஒன்றையும் தேர்ந்தெடு. இரண்டின் பெயர், சேரும் பொருள்கள், புளிக்க ஆகும் நேரம் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு அட்டவணைப்படுத்தி, பத்துத் தொடர்களில் ஒரு கட்டுரை எழுதுக.